ரூபனின் வலது கை

மவுஸ் வாங்க வருகிறவர்கள் முதலில் அதில் எரியும் விளக்கைத்தான் பார்ப்பார்கள், மிஸ் பெட்ரீசியா. எத்தனை நிறம் மாறும் என்று கேட்பார்கள். ஈப்போவில் ஒரே கடையில் பன்னிரண்டு வருடமாகக் கணினிச் சாமான் விற்கிறேன். தன் கைக்கு இது பொருந்துமா என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் நானே கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளவு நாடா வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் படியவிடுகிறவர்கள் உண்டு, விரல்களைக் கொக்கிபோல் வளைக்கிறவர்கள் உண்டு, விரல் நுனியால் மட்டும் தொடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வேறு உயரம், வேறு அகலம், வேறு எடை. தப்பான மவுஸைக் கொடுத்து அனுப்பினால் எனக்கு அன்று முழுவதும் மனசு கேட்காது.

என் தம்பி ரூபனிடம் அவனுடைய பழைய மவுஸைக் கொண்டுவரச் சொன்னீர்கள். கொண்டுவந்தான். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, இதை யார் தேர்ந்தெடுத்தது என்று என்னைக் கேட்டீர்கள். ஒரு கையைக் குணப்படுத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். அவன் வெளியே உட்கார்ந்திருப்பதால் கதவைச் சாத்தச் சொன்னேன், வேறொன்றும் இல்லை. நான்தான் தேர்ந்தெடுத்தேன். நீங்களும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறவர். சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அம்மா இறந்தபோது தம்பிக்கு எட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. அதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் வேலை செய்த தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தோம். அப்பா ஜொகூரில் வேலை கிடைத்தது என்று போனார். மாதத்துக்கு ஒரு தடவை வருவதாகச் சொன்னார். இரண்டு தடவை வந்தார். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பது பிறகு தெரிந்தது.

என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார், நல்ல மனிதர். தம்பியை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமே என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. இதை ரூபனிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

படிப்பு முடிந்ததும் அவன் ஜெலாப்பாங்கிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை முடிந்து வந்தால் குளித்துச் சாப்பிட்டுவிட்டு விளையாட உட்காருவான். ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து இன்னொரு குழுவைச் சுட்டு வீழ்த்துகிற விளையாட்டு. நான் பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன். அவன் கை அசைவது தெரியாது, திரையில் ஆள் விழுந்திருப்பான். கடைக்கு வருகிற எத்தனையோ பேரின் கையைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

போன வருடம் பிப்ரவரியில் காம்பாரில் ஒரு போட்டி நடந்தது. அவன் குழு ஜெயித்தது. கோலாலம்பூரிலிருந்து சுரேன் என்று ஒருவர் வந்திருந்தார், பெரிய குழு ஒன்றின் மேலாளர். அன்று மாலை ரூபன் காலணியைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கே வந்துவிட்டான்.

“அக்கா, டீம்ல எடுக்குறேன்னு சொல்றாங்க. ஆகஸ்ட்ல ஒரு டெஸ்ட் இருக்கு. பாஸ் ஆனா வீடு, சாப்பாடு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க.”

“வீடா? எங்க?”

“கேஎல்ல லா. எல்லாரும் ஒண்ணாத்தான் தங்கணுமாம். மாசத்துக்கு ஒரு தடவ வாரேன்.”

நான் அடுப்பை அணைத்தேன். நல்ல செய்தி என்று சொன்னேன். அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

“டெஸ்டுக்கு நல்ல மவுஸ் வேணும்க்கா. நீங்களே ஒண்ணு பார்த்துக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா?” என்றான்.

அவன் கையின் நீளம் பதினேழு சென்டிமீட்டர். ஆண்பிள்ளைக்குச் சின்னக் கை. விரல் நுனியால் பிடிக்கிறவன். அறுபது கிராமுக்கு மேல் போகாத, முதுகு தாழ்ந்த சின்ன மவுஸ்தான் அவனுக்கு வேண்டும். அது எங்கள் கடையில் மூன்றாவது அடுக்கில் இருந்தது. நான் முதல் அடுக்கிலிருந்து எடுத்தேன், பெரிய கைகளுக்காகச் செய்தது, முதுகு உயர்ந்தது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். ஒரு கைக்கு எது பொருந்தும் என்று தெரிந்தவளுக்கு எது பொருந்தாது என்றும் தெரியும்.

“கொஞ்சம் பெருசா இருக்கே அக்கா.”

“பெரிய ஆளுங்கல்லாம் இதுதான் வச்சிருக்காங்க. பழகிக்கோ.”

டெஸ்டில் கொஞ்சம் மெதுவாக ஆடுவான், எடுக்க மாட்டார்கள், இரண்டு வாரம் வருத்தப்படுவான். அவ்வளவுதான் நான் நினைத்தது. அதற்கு மேல் எந்த எண்ணமும் இருக்கவில்லை.

ஆகஸ்டில் அவன் தேர்வாகிவிட்டான். வந்திருந்த நாற்பது பேரில் மூன்றாவது. அந்த மவுஸோடு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். ஜனவரியில் கோலாலம்பூருக்கு வந்துவிட வேண்டும் என்று சுரேன் சொல்லியிருந்தார்.

இருபது வாரம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லகாட்டுக்குப் போனேன். அங்கே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் மீன் பிடிக்கிறவர்களுக்குத் தூண்டில் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. சின்ன ஈயக்குண்டுகள் வாங்கினேன். ரூபன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குத் தாளை உரித்து, திருகாணியைக் கழற்றி, உள்ளே குண்டுகளைப் பசை வைத்து ஒட்டினேன். பட்டன்களுக்குக் கீழே இருக்கும் சுவிட்சுகளையும் மாற்றினேன், அழுத்தக் கடினமானவையாக. கடையில் பழுது பார்க்கிற வேலையும் நான் செய்வதால் அது பெரிய காரியமில்லை. அவன் நாற்காலியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தேன். நாற்காலி தாழ்ந்தால் மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தும், கை மேல்நோக்கி மடங்கியே இருக்கும். வாடிக்கையாளர்களிடம் இப்படி உட்காராதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வதுதான் இது. நீங்கள் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள், நான் சொன்னபடியே இருக்கும்.

அக்டோபரில் கட்டைவிரல் மரத்துப்போவதாகச் சொன்னான். பிறகு ஆள்காட்டி விரல், பிறகு நடுவிரல். தூக்கத்தில் வலி வந்து கையை உதறிக்கொண்டு எழுந்தான். நான் தைலம் தேய்த்துவிட்டேன். மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டினேன், கொஞ்சம் இறுக்கமாக.

ஒரு நாள் காலையில் கோப்பிக் கோப்பை அவன் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. சூடான கோப்பி. அவன் கத்தவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிடிச்சிருக்கேன்னுதான் அக்கா நினைச்சேன்” என்றான்.

அன்று கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எல்லா ஈயக்குண்டுகளையும் எடுத்துவிட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. ஒன்பது நாள் அந்த மவுஸ் வெறுமையாகத்தான் இருந்தது. வலி குறைந்திருக்கிறது என்று அவனே சொன்னான். பத்தாம் நாள், கோலாலம்பூர் வீட்டில் அவனுக்கு ஒதுக்கிய அறையின் படத்தைச் சுரேன் அனுப்பியிருந்தார். ரூபன் எனக்குக் காட்டினான். ஜன்னல் ஓரம் கட்டில், சுவரில் அவன் பெயர். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குண்டுகளைத் திரும்ப வைத்தேன். இந்தத் தடவை ஒன்று கூடுதலாக.

கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் மணிக்கட்டில் தட்டிப் பார்த்தார். நரம்பு அழுந்துகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சீக்கிரம் காட்டுங்கள், தள்ளிப்போட்டால் சதை கரைந்துவிடும் என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார். ரூபன் அப்போது மருந்து வாங்க வெளியே நின்றிருந்தான். கடிதத்தைப் பைக்குள் வைத்தேன். நானே தேதி வாங்கிவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, மே மாதம்தான் தேதி கிடைத்தது என்றேன்.

“அவ்ளோ லேட்டாவா?”

“என்ன செய்றது? கூட்டம் லா. அதுவரைக்கும் கைய சும்மா விட்டுடாத, பழக்கம் போயிடும். டெய்லி கொஞ்சமாவது ஆடு.”

அவன் நம்பினான். எட்டு வயதிலிருந்து நான் சொன்ன எதையும் அவன் சந்தேகப்பட்டதில்லை. அந்தக் கடிதம் கடையில் என் மேசை இழுப்பறையில், உத்தரவாத அட்டைகளுக்கு அடியில் கிடந்தது. தேதி கேட்டு நான் யாருக்கும் போன் செய்யவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் சுரேன் வீட்டுக்கே வந்துவிட்டார். ரூபன் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இரும்புக் கதவைத் திறக்காமலே பேசினேன்.

“அக்கா, கை வலிக்குதுன்னு சொன்னான். கேஎல்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஸ்பெஷலிஸ்ட் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறேன். கை சரியாகுற வரைக்கும் அவன் இடம் அப்படியே இருக்கும்.”

“கை ஒண்ணும் இல்ல தம்பி. அவனுக்கு இதுல இஷ்டம் விட்டுப்போச்சு. உங்ககிட்ட சொல்ல வெட்கப்படுறான்.”

“ஒரு நிமிஷம் அவன்கிட்ட பேசிட்டுப் போறேனே.”

“வீட்ல இல்ல. நீங்க வந்து கேட்டா பாவம், முடியாதுன்னு சொல்ல மாட்டான். வந்து கஷ்டப்படுவான். விட்டுடுங்க. நான் வளர்த்த பிள்ள, எனக்குத் தெரியும்.”

சுரேன் நல்லவர். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். அடுத்த வாரம் ரூபனுக்குச் செய்தி வந்தது, வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று. அவன் அதை எனக்கு வாசித்துக் காட்டினான்.

“ஒரு வார்த்தகூட என்னைக் கேக்கல அக்கா. கை போனா அவ்ளோதான் போல.”

“வெளி ஆளுங்க அப்படித்தான்” என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதான். வளர்ந்த பிறகு அவன் என்மேல் சாய்ந்தது அன்றுதான்.

அவன் போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகாவது குண்டுகளை எடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் கை சரியானால் அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள் இல்லையா?

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், மே மாதம் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகுதான் உங்களிடம் அனுப்பினார்கள். கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை தட்டையாகிவிட்டதை முதல் நாளே நீங்கள் தொட்டுப் பார்த்தீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கட்டைவிரல் இனிச் சுண்டுவிரலைத் தொடாது என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னீர்கள். நான் அழுதேன். அது பொய்யில்லை.

தொழிற்சாலையில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மீனில் முள் எடுத்துக்கொடுக்கிறேன். மதியம் இரண்டு தடவை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் அக்கா என்பான். எங்கே போய்விடுவானோ என்ற பயம் இல்லாமல் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. கை மட்டும்தான் போனது. உயிரோடு, என் கண் முன்னால் இருக்கிறான். எத்தனை குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது, சொல்லுங்கள்.

உங்கள்மேல் எனக்கு ஒரே ஒரு குறைதான், மிஸ். எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகு என்று அவனிடம் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் அவன் அதைப் பிடித்துக்கொண்டான். மூன்று மாதமாக இடது கையால் ஆடிப் பார்க்கிறான். முதலில் ஒன்றும் வரவில்லை. இப்போது வருகிறது. பின்னால் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரிகிறது, நன்றாகவே வருகிறது. காம்பாரில் ஒரு சின்னக் குழு அவனை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறது. காம்பார் பக்கம்தானே அக்கா என்கிறான். பக்கம்தான். ஆனால் அங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயில் இருக்கிறது. ஈப்போவிலிருந்தும் இருக்கிறது என்பீர்கள். அது வேறு.

போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள். கை போன துக்கத்தை இப்போதுதான் தாண்டி வருகிறான், இன்னொன்றை அவனால் தாங்க முடியாது. அவனுக்கு நல்லது எது என்று யோசிக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? இடது கைக்கென்று செய்த மவுஸ் கிடைப்பது அபூர்வம், மிஸ். கடைக்காரர்களே தேடிக் களைத்துவிடுவார்கள். நான் இரண்டு வாரம் தேடி, போன வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒன்று ஆர்டர் செய்துவிட்டேன். அவன் கைக்கு ஒரு சைஸ் பெரியது.