பிஜிலிக்கு ஒரு கை சிமெண்ட்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நம்பிராஜன் அண்ணாச்சியின் மனைவி முப்பிடாதி மதினி, அவர்கள் மகள் ஷாலினி, தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களே! இந்த வெல்டர் மாரிசெல்வத்தின் வணக்கம். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரைச் சிற்பி நம்பிராஜன் அண்ணாச்சி எங்கே படித்தார்? யாரிடம் படித்தார்? யாரிடமும் இல்லை. தோல் குடோனில் பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர் அவர். குடோனுக்குப் பின்னால் ஷாகிர் பாயின் தபேலா, அதாவது குதிரை லாயம். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகள் அங்கே நிற்கும். ஷாகிர் பாயும் அதோ, தூண் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர் போடும் இஞ்சி டீயைப் பற்றிச் சொல்லவே தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். அது இருக்கட்டும்.

அங்கே பிஜிலி என்று ஒரு குதிரை. பேர்தான் மின்னல். காதுக்குப் பக்கத்தில் பேண்டு வாசித்தாலும் அசையாது. மத்தியானம் குடோன் பக்கம் வேலை செய்த நாங்கள் எல்லாரும் சாப்பிடப் போவோம். அண்ணாச்சி பிஜிலியிடம் போவார். கண்ணை மூடிக்கொண்டு தோளிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருவார். திரும்பி வந்து, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு களிமண்ணில் பிடிப்பார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கிறாயா என்று பாய் கேலி செய்வார். ஒரு வருசம் இல்லை, இரண்டு வருசம் இல்லை, நாலு வருசம் தடவினார். அந்தக் கைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

அப்புறம் செம்பூர் பக்கம் ஒரு காவல்தெய்வக் கோயிலில் சாமிக்கு வெள்ளைக் குதிரை கேட்டார்கள். அதுதான் முதல் ஆர்டர். கம்பிக்கூடு நான் கட்டினேன், சிமெண்ட் அவர் பூசினார். ஆறு மாசம். ஒரே துண்டாகச் செய்து முடித்த பிறகுதான் நாங்கள் வேலை செய்த ஷெட்டின் கதவைப் பார்த்தோம். சுவரை இடிக்காமல் குதிரை வெளியே போகாது! அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் துண்டு துண்டாகச் செய்து வெளியே வைத்துச் சேர்த்தோம். அது வேறு கதை.

கோயில்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். அதில் ஒரு பெரியவர் குனிந்து குதிரையின் அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னவே நம்பி, சாமி ஏறுத குதிரையக் கேட்டா, பொட்டக் குதிரையச் செஞ்சு வச்சிருக்கேரு?"

முதலில் சிரித்தது மேளக்காரர்தான். அண்ணாச்சி மேல் குற்றம் சொல்ல முடியுமா? இந்த ஊரில் மாப்பிள்ளையை ஏற்றிப்போவது பெண்குதிரை. அவர் கை தொட்டதெல்லாம் பெண்குதிரை. தொட்டதைத்தானே அவர் செய்வார்?

ஒரு கை சிமெண்ட் வைத்தால் ஆணாகிவிடும், எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். நான் சிமெண்டைக் குழைத்தே விட்டேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்தார்.

"அத மட்டும் ஒட்டுனாப் போதுமாலே? ஆம்பளக் குதிரைக்குக் கழுத்து வேற, நெஞ்சு வேற, நிக்க நெலையே வேற. இது பிஜிலி. இத வேசங்கட்டி விட மாட்டேன்."

மூன்று மாசம் தவணை கேட்டார். ஆண்குதிரை இருக்கும் ஒரு பந்தய லாயத்தைத் தேடிப் போனார். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் தடவினார். பிஜிலி மாதிரி அது நிற்குமா? விட்டது ஒரு உதை. விலா எலும்பு போனது. கட்டுப் போட்டுக்கொண்டே இரண்டாவது குதிரையைச் செய்தார். இன்றைக்கும் அந்தக் கோயிலில் அது எலுமிச்சை மாலையோடு நிற்கிறது. பிறகு நாற்பது குதிரைகள், நாற்பது ஊர்களுக்கு. முதல் குதிரை மட்டும் ஷெட்டிலேயே நின்றது. ஷாலினி வாய்ப்பாடு படித்தது அதன் முதுகில்தான்.

பதினாறு நாளுக்கு முன்னால் அண்ணாச்சி போய்விட்டார். மாசக் கடைசிக்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் குதிரையைச் சங்க வாசலில் வைத்து, கீழே அவர் பேரைப் பொறிப்போம் என்று தலைவர் இடம் கொடுத்தார். பெரிய மனசு. ஆனால் இன்று காலையில் என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"மாரி, வாறவன் போறவன்லாம் சிரிப்பாம்லா. ஒரு கை சிமெண்ட்டு. ஒனக்குப் பத்து நிமிச வேல."

சரி அண்ணாச்சி என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். சொன்ன வாயோடு போய் மதினியிடமும் சொன்னேன். மதினி சொன்னார்:

"அந்த ஒரு கை சிமெண்ட்ட வைக்காம இருக்கத்தான கொழுந்தனாரே, அந்த மனுசன் வெலாவ முறிச்சிக்கிட்டாரு?"

தலைவர் அவர்களே! காலையில் சொன்ன சரியை இந்தச் சபையில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். விரிசல் விட்ட இடது காதை நான் பூசுவேன். துருப்பிடித்த பின்னங்கால் கம்பிக்கு வெல்டிங் வைப்பேன். வேறு ஒரு பொட்டுச் சிமெண்ட் வைக்க மாட்டேன். இனி அவர் விட்டுப்போன வேலை எது வந்தாலும் இப்படித்தான் செய்வேன். கல்லில் அவர் பேருக்குக் கீழே ஒரு வரி வேண்டும்: நின்று கொடுத்தது பிஜிலி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தூக்குவதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஷெட்டின் கதவு அதே பழைய கதவுதான். சுவரை இடிக்கக் கடப்பாரை நான் கொண்டு வருகிறேன்.