சாப்பிட்ட குரங்கு

எழுத்தில் பிழை எனக்குப் பிடிக்காது. கடைப் பலகையில் கண்டால்கூட உறுத்தும்.

எங்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் மனிதன் சாப்பிடுவான், மிருகம் தின்னும். மனிதன் இறப்பான், மிருகம் சாகும். மாற்றி எழுதினால் பள்ளியில் அடி விழும்.

பிரிட்டோரியாவுக்கு வெளியே அரசு ரகசியமாக நடத்திய விஷ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். குரங்குகளின் தீனியில் மருந்து கலப்பதும் நான்தான், நடந்ததை எழுதுவதும் நான்தான். வெள்ளையர் ஆட்சி மாறியபின் அந்தக் கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அவற்றை விளக்க ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார்கள். யார் யார் தேடி வருகிறார்கள் என்று பார்க்கலாமே எனப் போனேன்.

ஹெஸ்மா ரூட் என்ற வக்கீல் வந்தாள். எல்லைப் போரில் எங்கள் படையிடம் பிடிபட்ட கறுப்பினப் போராளி தங்கேனி என்ன ஆனான் என்று அவன் அக்கா நங்குலாவுக்காகத் தேடினாள். நங்குலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். புதைக்க ஓர் எலும்பாவது வேண்டுமாம்.

"மாமா, இந்த ஒரு குரங்கு மட்டும் ஏன் சாப்பிடுது?"

"என்னம்மா?"

"மத்ததெல்லாம் தின்னுச்சுன்னு இருக்கு. இங்க மட்டும் 'களியைச் சாப்பிட்டான்'. கையில கரண்டியும் கொடுத்தீங்களா?"

"எழுதினவன் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான்."

"உங்க கையெழுத்துதான். மாமா தூங்கி வழியற ஆளாத் தெரியலையே."

சிரித்தபடிதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு கேள்வி கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

அந்தச் சொல் எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். கூண்டுக்குள் தட்டை வைத்தபோது அவன் "நன்றிங்க ஐயா" என்றான். எங்கள் மொழியில், சுத்தமான உச்சரிப்பில். குறிப்பேட்டில் 'சாப்பிட்டான்' என்று விழுந்துவிட்டது. அடுத்த வரியில் சுதாரித்து 'செத்தது' என்று எழுதினேன். என் பணிக்காலம் முழுவதிலும் அந்த ஒரு பிழைதான். உடலை எரித்துவிட்டோம். எலும்பு கிடைக்காது என்று நங்குலாவிடம் சொல்லிவிடுங்கள்.

"அவங்களை உள்ள கூப்பிட்டு இதைக் காட்டப் போறேன் மாமா" என்றாள் ஹெஸ்மா.

"நாளைக்குக் காட்டு. முதல்ல காபி குடி."

என் மனைவி சுட்ட ரஸ்க் பையில் இருந்தது. பழைய மருந்தில் மிச்சமும் கொஞ்சம் இருந்தது. அவள் வரத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

"நனைச்சுத் தின்னும்மா, பல்லு போயிடும்."

"நானும் குரங்கா? சாப்பிடுன்னு சொல்லுங்க மாமா."

நான் சொல்லவில்லை.

என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரிதான், ஓர் இடம் தவிர. 'ஹெஸ்மா ரஸ்க்கைச் சாப்பிட்டாள், இறந்தாள்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் மனிதர் யாரையும் கொன்றதில்லை. தின்றது, செத்தது என்று திருத்துங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.