போர்டு தொங்கிய மாடியறை

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் திருவேங்கடம் அவர்களே, தாராவியைத் தம் தோளால் தூக்கி நிறுத்திய பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

‘வந்தோம், வதைபட்டோம், வளர்ந்தோம்’ என்று பதினெட்டு ஆண்டுகளாக நம் சங்கத்தின் இதே ஆண்டுவிழாவில் முழங்குகிறேன். முழங்கி முழங்கிக் களைத்துவிட்டேன், ஐயா.

என்ன, பின்வரிசையில்? “சுருக்கமா முடிங்க அண்ணாச்சி”யா? முடிக்கிறேன், எனக்கும் மூட்டுவலி.

என் மகள் கோகிலவாணி அமெரிக்காவில், பாஸ்டனில் வேலைக்குப் போனாள். அவளுக்கு வாடகைக்கு வீடு கொடுத்த அம்மா ஐரிஷ் வம்சம். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிய அவர் முன்னோரை அந்த நாடு அணைத்ததா? ஆதரித்ததா? ‘ஐரிஷ்காரர் வரவேண்டாம்’ என்று வேலை விளம்பரத்திலேயே அச்சடித்தது! இன்றோ, அந்த வம்சத்தில் வக்கீல்கள், வைத்தியர்கள், மேயர்கள்! மகள் போனில் சொன்னாள்: “எப்பா, இந்தம்மா எந்த ஊருன்னே கேக்கல. சாவியக் குடுத்துட்டு, சாப்பிட்டியான்னுதான் கேட்டாவ.”

என் தகப்பனாரை இந்தப் பம்பாயில் ‘லுங்கிவாலா’, லுங்கி கட்டிய தெற்கத்தியான் என்று விரட்டினார்கள். அந்தக் கதைக்கு ஆண்டுதோறும் கைதட்டினீர்கள். போன வியாழக்கிழமை நடந்ததையும் கேளுங்கள்.

என் மாடியறை வாடகைக்கு என்று போர்டு மாட்டியிருந்தேன். பைசான் என்றோர் இளைஞர் வந்தார். “நேட்டிவ் எது?” என்று இந்தியில் கேட்டேன். “பீகார், சாச்சா.” “ரூம் காலி இல்லை” என்றேன். அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

“போர்டயாவது கழத்திட்டுப் பொய் சொல்லியிருக்கலாம்லா?” என்றாள் என் மனைவி பூமாரி. சிரிக்கிறீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விரட்டப்பட்டவன் மகன் விரட்டினேன்! வெட்கமாக இருக்கிறது, பெரியோர்களே.

இன்று மேடையேறினால், மைக்கை என் வாய்க்கு நேரே உயர்த்திக் கட்டியவர் யார்? ஒலிபெருக்கிக்காரரிடம் வேலை பார்க்கும் அதே பைசான்! “போலியே, சாச்சா” என்றார். பேசுங்கள், சித்தப்பா என்றார்! எந்த வாயால் பேசுவேன்? எந்தப் பெருமையைப் பேசுவேன்?

அதோ, தூணருகே நிற்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது.

பைசான் பேட்டா, கம்ரா காலி ஹை. உஸ் தின் பீ காலி தா.

அறை காலி, அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது என்று சொன்னேன், தாய்மார்களே. சாவி இதோ என் கையில். தயவுசெய்து கைதட்டாதீர்கள், அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்க வேண்டும். பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.