வேலாயுதத்தின் இடது கால்

டீயை முதலில் குடியுங்கள் சார். மண்டி மொஹல்லாவில் ஆறிப்போன டீயை மாடுகூட முகராது. என் இடது கால் ஆடுவதைப் பார்க்காதீர்கள். கொஞ்ச நாளாக, உட்கார்ந்தால் அது அடங்குவதில்லை.

லாரி கிளட்ச் எதனால் போனது என்று சொல்வது என் தொழில். கண்ணை மூடிக்கொண்டு, கழற்றிய பிளேட்டை முகர்வேன். ஓட்டியவன் காலையில் தின்றது களியா இட்லியா என்பதுவரை தெரிந்துவிடும். மைசூரில் பாதி டிரைவர்களின் வேலை என் மூக்கு நுனியில்தான் இருந்தது.

கௌதள்ளி ஊர்க்காரன் வேலாயுதம் ஓட்டிய ஜல்லி லாரியின் பிளேட்டையும் அப்படித்தான் முகர்ந்தேன். கருகல் வாடை. எந்நேரமும் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டியிருக்கிறான் என்று அவன் முதலாளியிடம் சொன்னேன்.

"ஏனுங்ணா, என்ர காலு மேல ஏம் பழியப் போடறீங்க? இஞ்சின் ஆயில் சீலு கசியுதுங்க. மூக்க எடுத்துப்போட்டுக் கண்ணத் தொறந்து பாருங்க."

பட்டறையே சிரித்தது. நானும் இரண்டு பல் தெரியச் சிரித்தேன், இருப்பதே இரண்டுதான்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் பார்த்தேன். அவன் சொன்னது சரி. கசிந்த ஆயிலில் வழுக்கித்தான் பிளேட் எரிந்திருந்தது. ஆயில் சீலை மாற்ற அரை நாள் போதும். மாற்றினால் மறுபடி சிரிப்பார்கள். துடைத்துவிட்டு, புது பிளேட்டை மட்டும் மாட்டி அனுப்பினேன்.

பதினோராம் நாள், மலை இறக்கத்தில் அதுவும் வழுக்கியது. இஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை. பிரேக் தனியாக எவ்வளவு தூரம் தாங்கும்? கோயிலுக்கு நடந்துபோன மூன்று பேர். வேலாயுதம் பிழைத்து, இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அந்த லாரியிலிருந்து கழற்றி, உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் அனுப்பிய பிளேட் நேற்று வந்தது, ஆயில் ஊறிப்போய். அவன் பெண்டாட்டி லிங்கம்மா வாசலிலேயே நின்றாள்.

"சென்னிமலைண்ணா, ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க வார்த்தையிலதான் அவரு வெளிய வரோணும்."

பார்க்கிறேன் அம்மா என்றேன். உள்ளே போய்ப் பெட்ரோலில் இரண்டு முறை கழுவினேன். காயவைத்து, டிரைவர் தப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பிளேட்டில் ஏன் பெட்ரோல் வாடை என்று கேட்டீர்கள். நீங்களும் முகர்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆயில் சீலை மாற்றாமல் விட்டது, பிளேட்டைக் கழுவியது, மூன்று பேர், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு நான் முகர்ந்து சொன்னது தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். கருகல் வாடை இருந்தது சார்.