கோபாலசாமி பேசின டேப்பு

டேப் ரெக்கார்டர் பேசலைன்னா எல்லாரும் மிஷினே போயிருச்சும்பாங்க. பாதிக்குப் பாதி, டேப்பு ஒரசற ஹெட்டுல படிஞ்ச அழுக்குத்தானுங்க இன்ஸ்பெக்டர். ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சுத் தொடைச்சாப் போதும். காந்திபுரத்துல பதினோரு வருசமா ரேடியோ ரிப்பேர்க் கடை வெச்சிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?

கோபாலசாமி காரியம் முடிஞ்ச மூணாம் நாள், அவன் சம்சாரம் கோமளா அந்த மிஷினைத் தூக்கிட்டு வந்துச்சு. "வெங்கடபதி அண்ணா, போறதுக்கு மொத நாள் அவரு இதுல என்னமோ பேசி வெச்சாருங்க. ஓடவே மாட்டேங்குது. அவரு கொரலை ஒருக்காக் கேட்டாப் போதும்"னு அழுதுச்சு. பெஞ்சுல உக்காரச் சொல்லிப்போட்டு உள்ளே எடுத்துட்டுப் போனேன்.

கோபாலசாமியும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. கெணத்து மோட்டார் ஒண்ணு சேர்ந்து செஞ்சோம். காயில் சுத்தினது, நாலு தடவை எரிஞ்சுபோயி மறுபடி சுத்தினது எல்லாம் என் கை. சிங்காநல்லூர்ல பட்டறை தொறக்கறதுக்கு அழைப்பு அடிச்சான். அதுல அவன் பேர் மட்டுந்தான். ஏன்னு நான் கேக்கலீங்க. சிரிச்சுட்டே வாங்கிக்கிட்டேன்.

அடுத்த வாரம் அவன் தோட்டத்துக்குப் போயி, மோட்டாரைத் தொட்டாக் கரண்ட் அடிக்கற மாதிரி ஒயரை மாத்திப்போட்டேன். தோட்டத்தாள் அங்கப்பன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன நாளாப் பாத்துத்தான் செஞ்சேன். அங்கப்பன் மேல எனக்கென்ன கோவம்? அவன்தான் அந்த ஒயரை உங்ககிட்டக் கொண்டாந்து குடுத்திருக்கறான். சரிங்க, ஒத்துக்கறேன்.

டேப்புல என்ன இருந்துதுன்னு கேக்கறீங்க. ஹெட்டைத் தொடைச்சு, தளர்ந்த பெல்ட்டை மாத்தி, சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக் கேட்டேன். தொறப்பு விழாவுல பேசறதுக்கு ஒத்திகை பாத்திருக்கறான். "இந்த மோட்டாரைச் செஞ்சது வெங்கடபதி. பட்டறை போர்டுல மூடியிருக்கற துணியை எடுத்துப் பாருங்க, அவன் பேருதான் மொதல்ல இருக்கும். அவனுக்கே தெரியாது"ன்னு சொல்லிச் சிரிக்கறான்.

மைக்கை மாட்டாம ரெக்கார்டு பட்டனை அமுத்தினேன், அவன் பேசினதெல்லாம் அழியட்டும்னு. டேப்பு முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். வெளியே வந்து, "ஒண்ணுமே பதியலை அம்மணி"ன்னேன். அது கையெடுத்துக் கும்புட்டுப்போட்டுப் போயிருச்சு.

ஒண்ணு மட்டும் மறக்காம எழுதிக்குங்க. சின்ன வயசுச் சிநேகிதன்கிட்ட மறைச்சது அவன்தானுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான். யாரு யாருக்குத் துரோகம் பண்ணினதுன்னு நீங்களே சொல்லுங்க.