ஒரு மணி நேரம் நல்ல தண்ணி

பரணிதரன்: ...திமிரு, யோகேஸ்வரி! வேற என்ன? நேத்து திரும்பவும் எழுதியிருக்கான், கடல்மீன்னு பேரு வெச்சுக்கிட்டவன்!

யோகேஸ்வரி: யாரு சார் அது? உக்காருங்க மொதல்ல. மூணாம் நம்பரு கம்ப்யூட்டர் காலியாதான் கீது.

பரணிதரன்: உக்கார வரலம்மா, கத்த வந்திருக்கேன்! முப்பத்திநாலு வருஷம் டீசல் என்ஜினோட குப்பை கொட்டினவன் நான். ரிட்டையர் ஆனதும் அக்கடான்னு தூங்காம, அணுபுரம் டவுன்ஷிப்புலேர்ந்து பஸ் ஏறி உன் பிரவுசிங் கடைக்கு வந்து, இன்டர்நெட்டுல ஊருக்கெல்லாம் யோசனை சொல்றேன். எதுக்கு? முகம் தெரியாதவன்கிட்ட அவமானப்படவா?

யோகேஸ்வரி: உங்க புள்ள வூட்லயே கம்ப்யூட்டர் கீதே சார்...

பரணிதரன்: அதுல ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள காபி ஆறிடுது. பேச்சை மாத்தாதே!

யோகேஸ்வரி: செரி, செரி. இன்னா எழுதிக்கீறாரு அந்த ஆளு?

பரணிதரன்: கடல்ல விழுந்த என்ஜினை எப்படிக் காப்பாத்தறதுன்னு பொங்கலுக்கு முன்னாடி எங்க இன்டர்நெட் குழுமத்துல எழுதினேன்ல? நல்ல தண்ணியில ஒரு மணி நேரம் கழுவணும், அதுக்கு முன்னாடி எதையும் தொடக் கூடாதுன்னு...

யோகேஸ்வரி: தெரியுமே. நான்தான பிரிண்ட் எடுத்தேன். மீன் ஏலம் வுடற ஷெட்டுல ஒட்டச் சொன்னீங்க, ஒட்டுனேன்.

பரணிதரன்: அதுக்குக் கீழ எழுதறான், "தப்பு. ஒடனே டீசல ஊத்து, தண்ணிக்குக் காத்துகினு இருக்காதே"ன்னு. சொந்தப் பேரு இல்ல, ஊரு இல்ல, என்ன படிச்சான்னு தெரியல. தமிழ்கூட ஒழுங்கா எழுத வரல!

யோகேஸ்வரி: தமிழுக்கு இன்னா சார் கொறச்சல்? புரிஞ்சிதுல்ல?

பரணிதரன்: நீ ஏன் சிலுத்துக்கறே?

யோகேஸ்வரி: நானா? இல்லியே... டீசல் ஊத்துனா இன்னா தப்பு, அத்த சொல்லுங்க.

பரணிதரன்: டீசல்ல உப்பு கரையாதும்மா! தண்ணி வேணும்.

யோகேஸ்வரி: எந்தத் தண்ணி?

பரணிதரன்: இது என்ன கேள்வி, குழாயைத் திறந்தா...

யோகேஸ்வரி: எந்தக் கொழாய் சார்? உங்க அணுபுரத்துக் கொழாயா? சுனாமி வந்ததுலேர்ந்து எங்க குப்பத்துக் கெணத்துல உப்புத் தண்ணிதான். ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி லாரி வருது. வூட்டுக்கு நாலு கொடம். அதுல சோறாக்கறதா, என்ஜினக் குளிப்பாட்டறதா?

பரணிதரன்: அப்ப அதை அவன் எழுதணும்...

யோகேஸ்வரி: எழுதுனாரே! மூணுவாட்டி! நீங்க இன்னா பதில் போட்டீங்க? "வசதி இல்லாதவர்கள் வீண் விவாதம் செய்ய வேண்டாம்." அதான?

பரணிதரன்: ...எல்லாத்தையும் படிச்சிருக்கியா நீ?

யோகேஸ்வரி: நாள் பூரா இங்க ஒக்காந்துகினு வேற இன்னா பண்றது?

பரணிதரன்: சரி விடு, இனிமே அந்தத் தொல்லை இல்ல. அவனா, நானான்னு குழுமத்தை நடத்தற மட்டுறுத்துனருக்கு நேத்து எழுதிட்டேன். காலையில அவனைத் தூக்கிட்டாங்க.

யோகேஸ்வரி: தூக்கிட்டாங்களா... அதான் காலைலேர்ந்து உள்ளயே வுட மாட்டேங்குதா? நான் பாஸ்வேர்ட மறந்துட்டேன்னு நெனச்சிகினு கீறேன்.

பரணிதரன்: ...என்னம்மா சொன்னே?

யோகேஸ்வரி: காதுல வுழுந்துதுல்ல.

பரணிதரன்: நீயா! தினம் எனக்கு டீ வரவழைச்சுக் குடுத்துட்டு, அந்தப் பக்கம் உக்காந்து என்னைக் கிழிச்சியா? மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?

யோகேஸ்வரி: சொன்னா? "நீ பிரிண்ட் எடுக்கற வேலையப் பாரும்மா"ம்பீங்க. இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்!

பரணிதரன்: அதுக்குன்னு பேரை மறைச்சா எழுதுவே?

யோகேஸ்வரி: எவனோ ஆம்பளன்னு நெனச்சாவது காது குடுப்பீங்கன்னு பாத்தேன்.

பரணிதரன்: என்ஜினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

யோகேஸ்வரி: எங்க வூட்டு என்ஜினு செத்துப்போச்சு சார், அது தெரியும்! நிவாரணத்துல வந்த புது என்ஜினு. போன மாசம் அலையில எங்க போட்டு கவுந்து என்ஜினு கடல்ல முழுகிடுச்சு. இழுத்து மேல போட்டோம். நீங்க எழுதுனமாரியே ஒண்ணத்தையும் தொடல. தண்ணி லாரி வரட்டும்னு ரெண்டு நாளு சாக்கு போட்டு மூடி வெச்சோம். லாரி வந்துச்சு... பிஸ்டன் நவுரல. எங்க வூட்டுக்காரரு சுதாகரு இப்ப அடுத்தவன் போட்டுல கூலிக்குப் போறாரு.

பரணிதரன்: ரெண்டு நாளா! காத்து பட்டதும் துரு ஏற ஆரம்பிச்சிடுமே... யாராவது ரெண்டு நாள் சும்மா விடுவாங்களா?

யோகேஸ்வரி: "அதற்கு முன் எதையும் தொடக் கூடாது." தடிச்ச எழுத்துல போட்டது யாரு சார்?

பரணிதரன்: ...யோகேஸ்வரி.

யோகேஸ்வரி: இன்னா?

பரணிதரன்: கடல்ல விழுந்த என்ஜினை நான் இதுவரைக்கும் தொட்டதே இல்லம்மா.

யோகேஸ்வரி: இன்னாது?

பரணிதரன்: எங்க கம்பெனி டெஸ்ட் ஷெட்டுல வெறும் குழாய்த் தண்ணிதான். புஸ்தகத்துல இருந்ததைப் பாத்து எழுதினேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல... வாய் வரல.

யோகேஸ்வரி: அந்த ஒரு வார்த்த எழுதியிருந்தா இன்னா சார் கொறஞ்சிருப்பீங்க? ஒரு குடும்பம் பொழச்சிருக்கும்!

பரணிதரன்: கம்ப்யூட்டரைப் போடு. பதிலைத் திருத்தணும். ஷெட்டுல இருக்கற காகிதத்தையும் கிழிக்கணும். காத்து படாம காப்பாத்தற டீசல் யோசனை கடல்மீன் சொன்னதுன்னு உன் பேரோட போடறேன்.

யோகேஸ்வரி: என் பேரு வாணாம் சார். சுதாகர்னு போடுங்க.

பரணிதரன்: அவர் பேர் எதுக்கு? எழுதினது நீதானே?

யோகேஸ்வரி: போட்டு கவுந்த அன்னிக்கே டீசல் கேனத் தூக்கினு ஓடியாந்தது அவருதான் சார். உங்க காகிதத்தக் காட்டி கையப் புடிச்சி நிறுத்துனது நானு... "படிக்காதவன், உனுக்கு இன்னா தெரியும்"னு கேட்டுட்டேன்.