இராமலெட்சுமி இன்னும் வரேல்லை

கனகேஸ்வரி: ...கஞ்சிக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டனான். நீங்கள் என்னடாவெண்டா கேற் வாசலையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்.

நாகேந்திரம்: காணும், காணும்.

கனகேஸ்வரி: வாயில வைக்கேல்லை, அதுக்குள்ள காணுமாம்! இந்தாங்கோ, குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. ஆறு மணித்தியாலம் மாத்தாள் இல்லாமத் தனிய ஓடப்போற பிள்ளையள். உப்புக் குறைஞ்சா கால் நரம்பு இழுக்கும்.

நாகேந்திரம்: ஆ... சுடுதப்பா! உப்புச் சரி. செல்லையா! கேற்றடியில ஆரும் வந்தவையோ?

செல்லையா: இல்லீங்க ஐயா. மீன் லொறி ஒண்ணு பேலியகொடைக்கு வழி கேட்டுட்டுப் போச்சு. அவ்வளவுதான்.

கனகேஸ்வரி: ஆரைத் தேடுறியள்? பிரதம விருந்தினரையோ?

நாகேந்திரம்: பொன்னம்பலத்தார் அப்பவே வந்து, கதிரையில இருந்து நித்திரையும் கொள்ளுறார். நான் பாக்கிறது இராமலெட்சுமியை.

கனகேஸ்வரி: ம்... திரும்பவும் இராமலெட்சுமி.

செல்லையா: ஐயா, அந்த ரெண்டாவது மேட்டை இன்னுங் கொஞ்சம் ஒசத்தட்டுங்களா? புல்டோசர் சும்மாதான் நிக்குது.

நாகேந்திரம்: வேண்டாம் செல்லையா. இப்பவே கண்டெய்னர் உயரத்துக்கு நிக்குது.

கனகேஸ்வரி: மலையே இல்லாத கொழும்பில மவுண்டன் பைக் சாம்பியன்சிப்! ஒருகொடவத்தையில, கண்டெய்னர் யார்டுக்குப் பின்னால மண்ணைக் குவிச்சுப்போட்டு மலையாம். வெள்ளவத்தைச் சனம் முழுக்கச் சிரிக்குது.

செல்லையா: புல்டோசர் ஓட்டுறவன்னாலும் மலையில பொறந்தவன் குவிச்ச மலைம்மா இது. லேசா நெனச்சிறாதீங்க.

நாகேந்திரம்: பொலிசில அனுமதி கேக்கப் போகேக்க ஓஐசியும் உதைத்தான் கேட்டவர். "கந்த கோ மாத்தயா?" மலை எங்கயாம்! மனுசன் சிரிச்ச சிரிப்பில கையெழுத்தும் வைச்சுத் தந்திட்டுது.

கனகேஸ்வரி: பின்ன? நுவரெலியாவில வைச்சிருக்கலாமே.

நாகேந்திரம்: வைச்சிருக்கலாம். போற வழியில எத்தினை செக் பொயின்ட்? எங்கட தமிழ்ப் பெடியளை ஒவ்வொண்டிலயும் சைக்கிளோட இறக்கி, எங்க போறாய், ஏன் போறாய், ஆரிட்ட போறாய் எண்டு... இஞ்சயெண்டா வேலிக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடலாம். ஒருத்தரும் ஐடென்டிட்டி கேக்கமாட்டினம்.

கனகேஸ்வரி: அது நல்ல யோசினைதான். சும்மா சொல்லக்கூடாது.

நாகேந்திரம்: அட! உம்மட வாயால ஒரு நல்ல சொல்லு.

கனகேஸ்வரி: ஆனா ராகுகாலம் பாத்து சைக்கிள் ரேஸ் வைக்கிற ஆக்கள் உலகத்தில நீங்கள் மட்டும்தான்.

நாகேந்திரம்: நான் என்ன செய்ய? கோப்பை தாற பொன்னம்பலத்தார் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குப் பிறகு ஒண்டும் தொடமாட்டாராம். அதுதான் பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிக்கிறது. இந்த இராமலெட்சுமி பிந்தினா எல்லாம் குழம்பிப் போகும்...

கனகேஸ்வரி: அவ வராட்டி என்னவாம்? வந்த பிள்ளையளை ஓட விடுங்கோவன்.

நாகேந்திரம்: ஏலாதப்பா. எங்கட சைக்கிள் கழகத்தின்ர சட்டம், செயலாளர் நானே மீறேலாது. மூண்டு பேருக்குக் குறைஞ்சா பொம்பிளையளுக்குப் போட்டி இல்லை. இப்ப ரெண்டு பேர்தான் நிக்கினம். எங்கட கழகத்துப் பாலேஸ்வரியும் அந்தத் தெமட்டகொடைச் சிங்களப் பிள்ளையும்.

கனகேஸ்வரி: அதுதானோ பாலேஸ்வரி கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிண்டவள்?

நாகேந்திரம்: ஓம். பாவம், தாய் தேப்பனோட சண்டை பிடிச்செல்லே ஓட வந்தவள்.

கனகேஸ்வரி: அவளுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, அந்த ரெண்டாவது மேட்டால இறங்கேக்க முன் பிரேக்கைத் தொடக்கூடாது. கீழ சேத்துக்குள்ள இடப்பக்கத்தாலதான் எடுக்கவேணும், வலப்பக்கம் புதையும்.

நாகேந்திரம்: உமக்கு எப்பிடித் தெரியும்?

கனகேஸ்வரி: ...இஞ்சயிருந்து பாக்கவே தெரியுதே.

செல்லையா: க்ஹூம்... க்ஹூம்...

கனகேஸ்வரி: என்ன செல்லையா, இருமல்? கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ.

செல்லையா: தூசிங்கம்மா. வெறும் தூசி.

கனகேஸ்வரி: சரி, ஆரப்பா இந்த இராமலெட்சுமி? ஒரு மாசமா வீட்டில உந்தப் பேர்தான். சோறு போட்டா இராமலெட்சுமி, தேத்தண்ணி குடுத்தா இராமலெட்சுமி.

நாகேந்திரம்: கொட்டாஞ்சேனையில இருக்கிறா எண்டு சொன்னனானே. ஓட்டமெண்டா அப்பிடி ஒரு ஓட்டம்! மணலுக்குள்ள விட்டாலும் சைக்கிளால இறங்கமாட்டா.

கனகேஸ்வரி: கொட்டாஞ்சேனையில ஏது மணல்?

நாகேந்திரம்: அது... முகத்துவாரப் பக்கம்.

கனகேஸ்வரி: ஓகோ.

நாகேந்திரம்: கரியரில ஒரு கட்டு விறகு, ஹாண்டிலில ரெண்டு கலன் தண்ணி. அப்பிடியே பள்ளம் திட்டியெல்லாம் ஏறி இறங்கி ஓடுவா. ஒருக்காக் காய்ச்சல்காரன் ஒருத்தனைச் சைக்கிள் பாரில இருத்தி, கொட்டுற மழைக்குள்ள, ஆஸ்பத்திரி மட்டும் மிதிச்சவ.

கனகேஸ்வரி: கொட்டாஞ்சேனையில முச்சக்கர வண்டி இல்லையோ?

நாகேந்திரம்: ...அண்டைக்கு இல்லைப்போல.

செல்லையா: க்ஹூம்...

கனகேஸ்வரி: செல்லையா, இராமலெட்சுமி எண்டா உங்கட பக்கத்துப் பேரெல்லே. உங்களுக்கு அவவைத் தெரியாதோ?

செல்லையா: எங்க தோட்டத்துல மட்டும் ஏழெட்டு இராமலெட்சுமி இருந்தாங்கம்மா. இதுல எதுன்னு சொல்றது... நான் போயி கயித்தக் கட்றேங்க.

கனகேஸ்வரி: நில்லுங்கோ. என்ன வயசாம் அவவுக்கு?

நாகேந்திரம்: நாப்பது... நாப்பதுக்கு மேல.

கனகேஸ்வரி: வடிவோ?

நாகேந்திரம்: வடிவுதான்.

கனகேஸ்வரி: வடிவாத்தான் பாத்திருக்கிறியள்!

நாகேந்திரம்: கேட்டதுக்குச் சொன்னா அதுவும் பிழையே?

செல்லையா: ஐயா, பெரியவரு முழிச்சுட்டாரு. வெளக்கேத்தலாமான்னு கேக்குறாரு.

நாகேந்திரம்: ஐயோ... அப்ப இனிப் பாத்துச் சரிவராது. பொம்பிளையளின்ர போட்டி இல்லையெண்டு சொல்லவேண்டியதுதான். செல்லையா, அந்த ரெண்டு பிள்ளையளையும் கூப்பிடும்.

கனகேஸ்வரி: பொறுங்கோ! என்னப்பா உடன சொல்லப் போறியள்? அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ.

நாகேந்திரம்: நான் என்ன செய்ய, கனகம்? மூண்டாவது ஆள் வெல்லவேணும் எண்டில்லை. ஓடினாக் காணும். அதுக்கும் ஆள் இல்லையே. சரி, கூப்பிடும் செல்லையா.

கனகேஸ்வரி: ...சைக்கிள் இருக்கோ?

நாகேந்திரம்: என்ன?

கனகேஸ்வரி: மூண்டாவது ஆளுக்குச் சைக்கிள் இருக்கோ எண்டு கேட்டனான்.

நாகேந்திரம்: இருக்கு. இராமலெட்சுமிக்கெண்டு ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்.

கனகேஸ்வரி: எனக்கு சீற் உயரமா இருக்குமே...

செல்லையா: இல்லீங்கம்மா, ஒங்க அளவுக்கு ஐயா நேத்தே எறக்கி...

நாகேந்திரம்: செல்லையா!

செல்லையா: ...ஐயையோ.

கனகேஸ்வரி: என்ர அளவோ? நேற்றே? இஞ்ச பாருங்கோ. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

நாகேந்திரம்: விடியக்காலையில கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போறன் எண்டு போற ஆள், நெத்தியில திருநீறு இல்லாமத் திரும்பி வாறீர். குதிக்கால் முழுக்கச் சேறு. எந்தக் கோயிலில ஐயர் சேறு பூசுறவர்? ஒருநாள் உமக்குப் பின்னால பஸ் எடுத்து வந்தனான். இந்த வேலிக்கு அங்கால நிண்டு பாத்தன். செல்லையான்ர சைக்கிளில நீர், முந்தியே இஞ்ச கிடந்த சின்ன மண்மேட்டில ஏறி இறங்குறீர். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரிச்சுக்கொண்டு... ஊரை விட்டு வெளிக்கிடேக்க கிளாலிக் கரையில உம்மட சைக்கிளை விட்டிட்டு வள்ளம் ஏறினமே, அதுக்குப் பிறகு நீர் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. அந்தக் கிழமைதான் கழகத்தில இந்தப் போட்டியைப் பற்றி வாய் திறந்தனான்.

கனகேஸ்வரி: என்னட்டை நேர கேட்டிருக்கலாமே?

நாகேந்திரம்: கேட்டா? "உங்களுக்கென்ன விசரே, செயலாளரின்ர மனுசி சைக்கிளில சேறடிச்சுக்கொண்டு திரிஞ்சா வெள்ளவத்தைச் சனம் என்ன கதைக்கும்" எண்டிருப்பீர். எண்டிருக்க மாட்டீரோ?

கனகேஸ்வரி: ...எண்டிருப்பன்.

செல்லையா: அம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஐயாகிட்ட சொல்லாதன்னீங்க, ஐயா ஒங்ககிட்ட சொல்லாதன்னாரு. இந்த ரெண்டு மாசமா நான் பட்ட பாடு, அந்த முருகனுக்குத்தாந் தெரியும்.

கனகேஸ்வரி: அப்ப அந்த இராமலெட்சுமி?

நாகேந்திரம்: அப்பிடி ஒருத்தியும் இல்லை. நீர்தான் எனக்குத் தெரிஞ்ச ஓட்டக்காரி. அந்தக் காய்ச்சல்காரன் நான்தான், கனகம்.

கனகேஸ்வரி: அந்தக் கதையை நீங்கள் வீட்டில முதல் எடுத்த அண்டைக்கே எனக்குத் தெரியும். பாரில இருந்து நடுங்கின மனுசனை எனக்குத் தெரியாதே? எப்பதான் வாய் திறப்பியள் எண்டு நானும் பாத்துக்கொண்டிருந்தனான்... இந்தாங்கோ, அகப்பையைப் பிடியுங்கோ. கஞ்சி அடிப்பிடிக்காமக் கிண்டுங்கோ. சீலைக்கு உள்ள லோங்ஸ் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தனான்.